ஆற்றுப்படுத்துதலும் ஆற்றுதலும்: அந்தமான் – நிக்கோபார்ப் பள்ளி மாணவர் உளத்துணையை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

பள்ளி மாணவரின் மனத்துயரைக் கேட்டறிந்து அவருக்குத் துணைநிற்றல், இன்று கல்விப்புலத்தின் இன்றியமையாப் பணிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டுள்ளது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1998 முதல் தேர்வுக்காலத்தில் மாணவர்க்குத் தொலைபேசி வழியாக இப்பணியை ஆற்றி வருகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பள்ளிகளில் இதற்கெனத் தனிப் பணியாளர் தேவை என்பதை வலியுறுத்தியது. 2025 சூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவரைக் கொண்ட கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஒருவரையேனும் இப்பணிக்கு அமர்த்த வேண்டும் என நெறிப்படுத்தியது.

இப்பணியைக் குறிக்கத் தமிழில் ஆலோசனை, அறிவுரை, வழிகாட்டல், ஆற்றுப்படுத்துதல், உளவளத்துணை எனப் பல சொற்கள் வழங்குகின்றன. ஒரு பணிக்கு எச்சொல்லைப் பெயராக இடுகிறோம் என்பது கலைச்சொல்லாக்கத்தின் சிக்கல் மட்டும் அன்று. பெயர் பணியின் இயல்பையும் தீர்மானிக்கிறது. அழுகின்ற குழந்தையின்முன் அமர்பவர் தம் கடமை வழி சொல்லுதல் எனக் கருதுகிறாரா, உடனிருத்தல் எனக் கருதுகிறாரா என்பதைப் பொறுத்தே அக்குழந்தை பெறுவது அமைகிறது. ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல்லின் பொருட்பரப்பைத் தமிழ் இலக்கிய மரபின்வழி ஆராய்ந்து, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் அந்தமான் – நிக்கோபார்த் தீவுகளில் பள்ளிச் சிறாருக்கு அளிக்கப்பட்ட உளத்துணையோடு அதனைப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொற்களும் அவற்றின் சார்பும்

ஆலோசனை, அறிவுரை என்னும் இரண்டும் அறிந்தவர் அறியாதவருக்கு உரைக்கும் நிலையைக் காட்டுவன. இவற்றுள் பேசுபவர் ஆசிரியர், கேட்பவர் மாணவர். வழிகாட்டல் என்பது உயர்கல்வியையும் தொழிலையும் தெரிவுசெய்ய உதவுதல் என்னும் பொருளிலேயே பள்ளிகளில் பெரிதும் நிலைபெற்றுள்ளது. மூன்று சொற்களிலும் மாணவர் பேசுவதற்கு இடமில்லை.

ஈழத்தில் வழங்கும் உளவளத்துணை என்னும் சொல் வேறு நிலையினது. அங்குப் பிரதேசச் செயலகங்களில் இப்பணிக்கென அமர்த்தப்பட்டோர் உளவளத்துணை உத்தியோகத்தர் எனப்படுகின்றனர். நெடும்போர் விளைத்த உளக்காயங்களை எதிர்கொண்ட மருத்துவரும் ஆசிரியரும் இத்துறைக்கான தமிழை ஒரு தேவையின் அடிப்படையில் உருவாக்கினர். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் நூலுக்கு 'மனவடு' எனப் பெயரிடப்பட்டிருப்பதும் இப்பின்னணியில் நோக்கத்தக்கது. வடு என்பது ஆறிய புண்ணின் அடையாளம். புண் ஆறும், அதன் சுவடு நிற்கும் என்னும் இரு செய்திகளையும் அச்சொல் ஒருங்கே தருகிறது. துணை என்னும் சொல்லோ உடன்வருதலைக் குறிப்பது. அதில் மேல், கீழ் என்னும் நிலை வேறுபாடு இல்லை.

தமிழ்நாட்டில் ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல் சமூகப்பணித் துறையிலும் அரசு வழக்கிலும் இடம்பெற்றுள்ளது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளின் பணி அறிவிப்புகளில் ஆற்றுப்படுத்துநர் என்னும் பதவிப்பெயர் வழங்குகிறது. பழந்தமிழ் இலக்கிய வகை ஒன்றின் பெயரிலிருந்து இன்றைய சமூகப்பணி ஒன்றிற்குப் பெயர் கிடைத்திருப்பது தமிழறிஞர் கருத்தைக் கவர வேண்டிய செய்தியாகும். ஆயினும் இச்சொல் தன்னுள் கொண்டுள்ள பொருள்கள் போதிய அளவு ஆராயப்படவில்லை.

ஆறும் ஆறுதலும்

ஆற்றுப்படுத்துதல் என்பதை ஆறு + படுத்துதல் எனப் பிரிப்பர். ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்துதல் வழிப்படுத்துதல் ஆகும். தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படையைப் பாடாண் திணையின்பாற் படுத்துகிறது. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோருள் பரிசில் பெற்று மீள்பவர், வறுமையால் வருந்தி எதிர்வருவோரை வள்ளலிடம் செலுத்துவதே அதன் இலக்கணம். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின.

இவ்விலக்கணத்தில் இரண்டு கூறுகள் சிறப்பாகக் கருதத்தக்கன. முதலாவது, வழி சொல்பவர் அவ்வழியில் நடந்தவர். அவரும் சில நாள் முன்பு வறியராய் இருந்தவரே. பொருநராற்றுப்படையில் பொருநன் தான் உற்ற வறுமையையும் கரிகாலனிடம் பெற்ற விருந்தையும் தன் அனுபவமாகவே கூறுகிறான். இரண்டாவது, வழியின் இடர் மறைக்கப்படுவதில்லை. மலைபடுகடாம் வழியின் இனிமைகளோடு அதன் ஏதங்களையும் விரிவாக எடுத்துரைக்கிறது. எங்கு வழுக்கும், எங்கு இரவில் செல்லலாகாது என்பன நடந்தவரே கூறக்கூடியவை. ஆகவே ஆற்றுப்படையின் அதிகாரம் பதவியால் வந்தது அன்று, பட்டறிவால் வந்தது.

ஆற்றுதல் என்னும் வினையோ வேறொரு பொருட்பரப்பைக் கொண்டது. புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது, பாலை ஆற்றிக் குழந்தைக்குக் கொடுக்கின்றனர், பசியாற்றுகின்றனர். இவ்வழக்குகள் அனைத்திலும் வெம்மை தணிதல் அடிப்படைப் பொருளாகும். தணிவதற்குக் காலம் வேண்டும். ஆற்றுபவரின் பொறுமையும் வேண்டும். பொறுத்துக்கொள்ளுதல் என்னும் பொருளிலும் இவ்வினை வரும். அகப்பாடல்களின் கூற்றுக் குறிப்புகளில் ஆற்றாள், ஆற்றினேன் என வருவன இப்பொருளின.

கலித்தொகையின் 133ஆம் பாடலில் ஆற்றுதல் வரையறுக்கப்படுகிறது. நல்லந்துவனார் பாடிய நெய்தற்கலியைச் சார்ந்த அப்பாடலில் பண்புகள் பலவற்றுக்கு இலக்கணம் கூறும் தோழி, அவ்வரிசையின் முதலில் ஆற்றுதலை வைத்து, துன்புற்றுத் தளர்ந்தோருக்கு உதவுவதே அது என்கிறாள். அடுத்துவரும் போற்றுதலைப் பிரியாமையோடு இணைக்கிறாள். பாடலின் சூழல் இங்குக் கவனிக்கத்தக்கது. அவ்வரையறைகளைத் தோழி தலைவியிடம் கூறவில்லை; தலைவியின் துயருக்குப் பொறுப்பான தலைவனிடம் கூறுகிறாள். ஆற்றுதல் அருளால் இடப்படும் கொடையாக அன்றி, பொறுப்புடையாரிடம் கேட்டுப் பெறவேண்டிய கடமையாக அங்கே நிற்கிறது.

சொல்லமைப்பின்படி ஆற்றுப்படுத்துதல் வழியைச் சார்ந்ததே; ஆறுதலைச் சார்ந்தது அன்று. எனினும் இன்று அச்சொல்லைக் கேட்போர் ஆறுதலையே முதலில் நினைக்கின்றனர். இலக்கண நோக்கில் இது பிழையெனப்படலாம். பணியின் நோக்கில் இப்பிழை பொருளுடையது. வழியும் ஆறுதலும் ஒரு பணியின் இரு கூறுகள் ஆகையால், அவற்றுள் எது முன், எது பின் என்னும் வினா எழுகிறது. அதற்கான விடையை அந்தமான் – நிக்கோபார்த் தீவுகளின் பட்டறிவிலிருந்து பெற முடிகிறது.

ஆழிப்பேரலைக்குப் பிந்திய தீவுகள்

2004 திசம்பர் 26 அன்று சுமத்திராவை ஒட்டிய கடலடியில் நிகழ்ந்த பெருநிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் நிக்கோபார்த் தீவுகளைப் பெரிதும் அழித்தன. கார் நிக்கோபார், கச்சால், நன்கவுரி, கிரேட் நிக்கோபார் முதலியனவும் லிட்டில் அந்தமானும் கடுமையாகத் தாக்குண்டன. டிரிங்கெட் தீவு பிளவுண்டது. அதன் மக்கள் கமோர்ட்டாவுக்குப் பெயர்ந்தனர். சௌரா மக்கள் தெரேசாத் தீவில் தங்க நேர்ந்தது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 3,000 பேருக்கு மேல் இழக்கப்பட்டனர். உடல் கிடைக்காமற் போனோர் மிகப் பலர்.

இவ்விழப்பில் தமிழரும் பங்குடையர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாத்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டிருந்தனர். ஒருமுறை நாடு பெயர்ந்த குடும்பங்கள் மீண்டும் இடம்பெயரும் நிலைக்கு உள்ளாயின. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர் வாழும் இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்.

பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனத்தின் (நிம்ஹான்ஸ்) குழுவினர் பேரிடரின் தொடக்க நாள்களிலேயே தீவுகளுக்குச் சென்றனர். 1999ஆம் ஆண்டு ஒரிசாப் பெரும்புயலிலும் 2001ஆம் ஆண்டு குசராத்து நிலநடுக்கத்திலும் அந்நிறுவனம் பெற்ற பட்டறிவு இங்கும் கைக்கொள்ளப்பட்டது. மருத்துவர் எண்ணிக்கை சிறிது. துயருற்றோர் எண்ணிக்கை பெரிது. ஆகவே ஆசிரியரையும் தன்னார்வலரையும் பயிற்றி, அவர்வழியே மக்களைச் சென்றடைதல் அம்முறையின் அடிப்படையாயிற்று. ஓவியம், கதை, விளையாட்டு, குழு உரையாடல் ஆகியன குழந்தைகளுக்கான வழிகளாகக் கொள்ளப்பட்டன. தொடக்கக் கட்டத்தில் மக்களுள் 5 முதல் 8 விழுக்காட்டினரிடம் குறிப்பிடத்தக்க உளச்சிக்கல் காணப்பட்டது என்றும், நிக்கோபாரியரின் கூட்டுக்குடும்ப வாழ்க்கை அவர்களுக்குத் தாங்கும் வலிமை அளித்தது என்றும் அக்குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்தனர்.

இம்முறை அறிந்தோ அறியாமலோ ஆற்றுப்படையின் அமைப்பை ஒத்திருக்கிறது. தீவுகளின் ஆசிரியருள் பலர் தாமும் வீடிழந்தவர்; உற்றாரை இழந்தவர். வகுப்பில் அமர்ந்திருந்த குழந்தையும் எதிரில் நின்ற ஆசிரியரும் ஒரே அலையிலிருந்து எஞ்சியவர்கள். வறியரான பாணரை முன்னர் வறியராய் இருந்த பாணரே எதிர்கொள்வதுபோல், இழந்தவரை இழந்தவரே எதிர்கொண்டனர்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆற்றுப்படையில் வழி சொல்பவர் பரிசில் பெற்று மீண்டவர். அவருடைய துன்பம் முடிந்துவிட்டது. தீவின் ஆசிரியருக்கு அது முடிந்திருக்கவில்லை. அவர் வழியின் நடுவில் நின்றவாறே வழி சொல்ல வேண்டியவரானார். துணைசெய்பவருக்கும் துணை வேண்டும் என்பதை ஆற்றுப்படை அமைப்பு கருதவில்லை. உளத்துணைப் பணி இதனைக் கருதியே ஆக வேண்டும். பழைய இலக்கிய வடிவத்தைப் புதிய பணிக்குப் பெயராகக் கொள்ளும்போது அதன் எல்லையையும் உணர்தல் தேவை என்பது இதனால் பெறப்படுகிறது.

வற்புறுத்தல்: ஒரு சொல்லின் பொருள் மாற்றம்

அகமரபில் ஆறுதல் கூறும் பணி தோழிக்கு உரியது. தலைவனின் பிரிவை ஆற்றாத தலைவியைத் தோழி ஆற்றுவிக்கிறாள். அச்செயலைப் பழைய கூற்றுக் குறிப்புகள் வற்புறுத்தல் என்கின்றன. வன்மை உறச் செய்தல், அஃதாவது தளர்ந்த நெஞ்சுக்கு உறுதியூட்டுதல் என்பது அங்கு அதன் பொருள். இன்றோ வற்புறுத்தல் என்பது விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்துதல் ஆகும். வலிமை தருதலைக் குறித்த சொல் வலிமை காட்டுதலைக் குறிக்கும் நிலைக்கு வந்துள்ளது.

பள்ளிகளில் ஆறுதல் என்பது அடைந்துள்ள மாற்றத்தையும் இச்சொல் வரலாற்றோடு ஒப்பிடலாம். அழும் மாணவரிடம் அழக்கூடாது என்பதும், தளர்ந்த மாணவரிடம் மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்பதும் நல்லெண்ணத்தில் பிறப்பவையே. எனினும் கேட்பவருக்கு அவை கட்டளைகளாகவே சென்று சேர்கின்றன. திருக்குறளின் இடுக்கண் அழியாமை அதிகாரம் காலை வழிபாட்டுக் கூட்டங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. அவ்வதிகாரம் பொருட்பாலில் அரசியல் என்னும் பகுதியின் இறுதியில் நிற்கிறது. வினைமேற்கொண்ட ஆள்வோர் இடையூற்றால் கலங்காதிருத்தல் அதன் சூழல். தாயை இழந்த பத்து வயதுக் குழந்தைக்கு அதனை அவ்வாறே எடுத்துரைத்தல் பொருத்தமற்றது. அக்குழந்தைக்கு அருகில் உள்ளவர் தமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது நட்பு அதிகாரத்தில் உள்ளது. ஆடை நெகிழ்ந்தவனுக்கு அவன் கை உதவுமாறு கேளாமலும் காலந்தாழ்த்தாமலும் செயற்படும் நட்பை வள்ளுவர் அங்குக் காட்டுகிறார்.

வற்புறுத்தலை ஏற்காத தலைவிக்கும் அகமரபு இடம் வைத்துள்ளது. தோழியின் ஆறுதல் பயன்படாமல் தலைவி மனமழிந்து மறுமொழி கூறுவதை வன்புறை எதிரழிதல் எனத் தனித் துறையாகவே வகுத்துள்ளனர். ஆறுதலை மறுத்தல் ஒரு குற்றமாகக் கருதப்படவில்லை; அதுவும் பாடத்தக்க உணர்வாக மதிக்கப்பட்டது. ஆறுதலை ஏற்காத மாணவரைப் பிடிவாதக்காரர் என்றும் ஒத்துழையாதவர் என்றும் குறிக்கும் வழக்கத்தோடு இதனை ஒப்பிடும்போது மரபின் நுட்பம் புலனாகிறது.

முல்லை ஆறுதலும் நெய்தல் இரங்கலும்

குறுந்தொகை 66ஆம் பாடலில் கார்காலம் வந்துவிட்டதைக் கண்டு தலைவி கலங்குகிறாள். இது கார் அன்று; காலமல்லாத மழையைக் கார் என மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது என்கிறாள் தோழி. அன்பினால் கூறப்பட்டதாயினும் அது உண்மை அன்று. 21ஆம் பாடலில் நிலை மாறுகிறது. தலைவி ஆற்றமாட்டாளோ எனத் தோழி கவலையுறுகிறாள். காட்டின் மலர்கள் கார் என்று காட்டினும் தலைவர் பொய் கூறார் ஆதலின் தான் நம்பவில்லை என்று தலைவி கூறுகிறாள். ஆற்றுவிக்க வந்தவர் கலங்கி நிற்க, துயருற்றவர் தமக்குரிய வலிமையைத் தாமே கண்டடைகிறார். துணைசெய்பவர் இட்டுக்கட்டிய ஆறுதலினும் துயருற்றவர் தாமே அடைந்த ஆறுதல் உறுதியுடையது என்பதை இவ்விரு பாடல்களையும் ஒருங்கு வைத்து உணரலாம்.

முல்லையின் ஆறுதல் தலைவன் மீள்வான் என்னும் உறுதியின்மேல் நிற்பது. ஆகையால்தான் அத்திணையின் உரிப்பொருள் இருத்தல் ஆயிற்று. தீவுகளின் சிறார்க்கு இவ்வுறுதியைத் தருதல் இயலாததாயிற்று. உடல் கிடைக்காதபோது இறப்பு உறுதியாவதில்லை. அக்குழந்தை தந்தை வேறொரு தீவில் இருப்பார் என்றும், கப்பலில் வருவார் என்றும் காத்திருக்கக்கூடும். அந்நிலையில் வருவார் எனக் கூறுதல் அப்போதைக்கு அழுகையை நிறுத்தும். பின்னர்ப் பெரியோர் சொல்லின்மீது குழந்தைக்குள்ள நம்பிக்கையை அழிக்கும். வரமாட்டார் என வலிந்து கூறுதலும் முறை அன்று. கொன்றையைக் காட்டிக் கூறிய பொய் தலைவன் மீள்வதோடு முடிந்துவிடும். கடல் கொண்டவரைப் பற்றிய பொய்க்கு அத்தகைய முடிவு இல்லை.

இங்கு நெய்தல் திணை வழிகாட்டுகிறது. கடலும் கடல் சார்ந்த நிலமும் அதன் முதற்பொருள்; இரங்கல் அதன் உரிப்பொருள். மரபு கடற்கரையில் முதன்மை தந்தது துயருக்கு மருந்து கூறுவதற்கு அன்று, துயரை வெளிப்படுத்துவதற்கே. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அழுகையை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நான்கு களங்களுள் இழவையும் வறுமையையும் சுட்டுகிறது. இழந்தவர் அழுதல் நோய் அன்று; இயல்பு என்பதே இதன் கருத்து. இயல்பற்ற சூழலுக்கு மனம் காட்டும் இயல்பான எதிர்வினையே துயரம் என்று இன்றைய பேரிடர் உளவியலும் கூறுகிறது. நிகழ்ந்ததைச் சொல்லுமாறு பாதிக்கப்பட்டவரை உடனடியாகத் தூண்டுதல் கூடாது என்று 2007இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து வெளியிட்ட நெருக்கடிக்கால உளநல நெறிமுறைகள் அறிவுறுத்துகின்றன. சொல்ல விரும்பும்போது கேட்டல், விரும்பாதபோது உடனிருத்தல் என்பன அதன் சாரம். படம் வரையும் குழந்தையிடம் விளக்கம் கேளாமல் அருகில் அமர்ந்திருக்கும் ஆசிரியர் நெய்தல் நெறியில் நிற்பவர் எனலாம்.

ஆகவே முதலில் இரங்கலுக்கு இடமளித்தல். பின்னர் இருத்தலுக்குத் துணைநிற்றல். அதன்பின் வழி கூறுதல் என்னும் வரிசை பெறப்படுகிறது. ஆற்றுதல் முன்னும் ஆற்றுப்படுத்துதல் பின்னும் நிற்றல் வேண்டும். வரிசை மாறும்போது ஆற்றுப்படுத்துதல் அறிவுரையாகச் சுருங்குகிறது.

அச்சத்தின் களமாக ஆசிரியர்

மெய்ப்பாட்டியல் அச்சத்திற்குரிய நான்கு களங்களுள் ஒன்றாக இறை என்பதைக் கூறுகிறது. தம்மீது அதிகாரமுடையோர் என்பது அதன் விரிந்த பொருள். பள்ளிச் சூழலில் அவ்விடம் ஆசிரியருக்குரியதாதல் வெளிப்படை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்துள்ளது. ஆயினும் மதிப்பெண் இடுதல், வருகை குறித்தல், பெற்றோரை அழைத்தல் ஆகிய அதிகாரங்கள் ஆசிரியரிடமே உள்ளன. ஒருவரே அச்சத்தின் களமாகவும் ஆறுதலின் இடமாகவும் இருத்தல் எவ்வாறு இயலும் என்னும் வினா புறக்கணிக்கத்தக்கது அன்று.

பேரிடர்க்காலத் தீவுகளில் இம்முரண் ஓரளவு தளர்ந்திருக்கும். பாடநூலும் தேர்வும் பின்தள்ளப்பட்டு, தகரக் கூரையிட்ட இடைக்காலக் குடியிருப்புகளில் ஆசிரியரும் மாணவரும் ஒரே நிலையில் வாழ்ந்தனர். இயல்பு வாழ்க்கை மீண்டபோது பழைய இடைவெளியும் மீளுதல் இயற்கையே. அகமரபில் ஆற்றுவிப்பவள் தாயாகவோ தந்தையாகவோ அமையாமல் தோழியாக அமைந்தது இங்கு எண்ணத்தக்கது. செவிலியும் நற்றாயும் அன்புடையவரே. எனினும் தலைவி தன் நெஞ்சத்தைத் திறப்பது தண்டிக்கும் அதிகாரமற்ற தோழியிடம். அவளோ தலைவிக்காகத் தலைவனிடமும் பேசுகிறாள். செவிலிக்கு அறத்தொடு நின்று உண்மையை உணர்த்துகிறாள். எதனை மறைப்பது, எதனை எப்போது யாரிடம் வெளிப்படுத்துவது என்னும் தெளிவு அவளிடம் உண்டு. பள்ளியின் உளத்துணையாளர் மதிப்பீட்டு அதிகாரத்திலிருந்து விலகி நிற்கவேண்டும் என்பதற்கும், மாணவர் கூறியதைக் காக்கவும் தேவை நேரும்போது அவர்பொருட்டுப் பேசவும் வேண்டும் என்பதற்கும் இம்மரபு சான்றாகிறது. ஆசிரியர் ஒருவரிடமே இக்கடமையையும் கூடுதல் பொறுப்பாக ஏற்றிவிடும் நடைமுறை இந்நோக்கில் குறையுடையது.

பிரியாமையும் மொழியும்

கலித்தொகைத் தோழி ஆற்றுதலை அடுத்துப் போற்றுதலைக் கூறி, அதனைப் பிரியாமையோடு பிணைத்தது மேலே சுட்டப்பட்டது. பேரிடர்க்காலத்தில் வரும் வல்லுநர் திரும்பிச் செல்பவர். பயிற்சி பெற்ற ஆசிரியரும் பணியிட மாற்றத்திற்கு உட்பட்டவர். துயரமோ முதலாண்டோடு முடிவதில்லை. உதவிகள் குறைந்து, வாக்குறுதிகள் தளரும் காலத்தில் மனச்சோர்வு மிகும் என மேற்குறித்த 2006ஆம் ஆண்டு ஆய்வே எச்சரித்திருந்தது. ஆகவே உளத்துணையின் தரத்தை வந்து சென்றோரின் தகுதியால் மட்டும் அளத்தல் போதாது. பிரியாதிருப்போரின் இருப்பாலும் அளத்தல் வேண்டும்.

நிக்கோபாரியரிடம் பிரியாமையின் அமைப்பு ஒன்று முன்பே இருந்தது. துஹெத் எனப்படும் கூட்டுக்குடும்பத்தில் குழந்தை பலருக்கும் பிள்ளை. தாய் தந்தையரை இழந்த குழந்தையும் அங்குத் தனித்து விடப்படுவதில்லை. நிம்ஹான்சு குழுவினர் கண்ட வலிமை இதிலிருந்தே தோன்றியது. ஆனால் இழப்பீடும் வீடும் தனிக்குடும்பங்களைக் கணக்கிட்டு வழங்கப்பட்டமையால் இவ்வமைப்பு நெகிழ்வுற்றது. குழந்தைகளின் உளத்துணைக்குப் பயிற்சி அளித்த காலத்திலேயே, அவர்களின் இயல்பான துணை மறுவாழ்வுத் திட்டத்தால் தளர்ந்தது என்பது இப்பணியைத் தனித்துறையாக மட்டும் நோக்கலாகாது என்பதை உணர்த்துகிறது. ஆற்றுதல் பொறுப்புடையோரிடம் கேட்டுப் பெறவேண்டிய கடமை என்னும் கலித்தொகையின் நோக்கு இங்கு முழுப்பொருள் பெறுகிறது.

அடுத்தது மொழி. வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரியம், மலையாளம் எனப் பல தாய்மொழியினர் வாழும் இத்தீவுகளில் பொதுமொழி இந்தி. கடைத்தெருவிலும் வகுப்பறையிலும் அது போதுமானதாய் இருக்கலாம். துயரத்தைக் கூறும்போது நிலை வேறு. கச்சால் தோட்டத்துத் தமிழ்க் குழந்தைக்கு நெஞ்சு அடைக்கிறது, மனசு கனக்கிறது, வயிறு எரிகிறது என்னும் வழக்குகளே உணர்வின் பெயர்கள். தமிழில் துயரம் பெரும்பாலும் உடலின்வழியே சொல்லப்படுகிறது. இவற்றைப் பிறமொழியில் கேட்பவர் உடல்நோய் எனக் கொண்டு மருந்து தரக்கூடும். நிக்கோபாரியக் குழந்தைக்கும் அதன் மொழியில் இத்தகைய வழக்குகள் இருத்தல் இயல்பே. அம்மொழி அறிந்தோரே அவற்றைச் செவிக்கொள்ள முடியும். எனவே தாய்மொழி அறிந்த உளத்துணையாளர் என்பது வசதி கருதிய கோரிக்கை அன்று. பணியின் அடிப்படைத் தகுதியாகும்.

இக்கருத்து தீவுகளுக்கு மட்டும் உரியதன்று. 2022 முதல் இயங்கும் டெலி மனாசு என்னும் நாடளாவிய தொலைபேசிச் சேவை பல இந்திய மொழிகளில் அமைந்திருப்பது இத்திசையில் ஒரு முன்னேற்றம். பள்ளி வளாகத்திற்குள்ளும் இதே கொள்கை வந்து சேரவேண்டும். அதற்குத் தமிழ்த்துறைகள் ஆற்றத்தக்க பணி உண்டு. உணர்வைக் குறிக்கும் வட்டார வழக்குகளைத் தொகுத்தலும், மெய்ப்பாட்டியலையும் அகமரபையும் ஆசிரியர் பயிற்சிக்கு உகந்தவாறு விளக்கி எழுதுதலும் அவற்றுள் சில. பழந்தமிழ் நூல்களில் இன்றைய உளவியல் முழுவதும் உண்டு என நிறுவ முயலுதல் இப்பணி ஆகாது. துயருற்றாரிடம் பேசுவதற்கும் பேசாதிருப்பதற்கும் ஒரு சமூகம் வகுத்துக்கொண்ட நெறிகளை எடுத்துக்காட்டுதலே இங்கு வேண்டுவது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ஆற்றுப்படுத்துதல் என்னும் கலைச்சொல் வழிகாட்டலை உணர்த்துவது. ஆற்றுதல் துயர் தணித்தலையும் உடன்நிற்றலையும் உணர்த்துவது. மாணவர் உளத்துணையில் இரண்டும் தேவை. எனினும் ஆற்றுதலே முற்பட வேண்டும்.

பட்டறிவுடையவர் பட்டறிவு இல்லாதவரை எதிர்கொள்ளும் ஆற்றுப்படை அமைப்பு, ஆழிப்பேரலைக்குப் பின் அந்தமான் – நிக்கோபாரில் ஆசிரியர்வழி மேற்கொள்ளப்பட்ட உளத்துணையோடு ஒத்துச் செல்கிறது. வழி சொல்பவரின் துயரம் முடிந்திராத நிலையில் அவ்வமைப்பு போதாததாகிறது.

வற்புறுத்தல் உறுதியூட்டலிலிருந்து கட்டாயப்படுத்தலாக மாறியுள்ளது. பள்ளியின் ஆறுதலும் அவ்வாறு மாறாதிருக்க, மாணவர் ஆறுதலை மறுக்கும் உரிமையும் அழும் உரிமையும் ஏற்கப்பட வேண்டும்.

மீள்வார் என்னும் முல்லை ஆறுதலைக் கடல்கொண்ட இழப்புக்குப் பயன்படுத்துதல் பொய்யுறுதியாகும். இரங்கலுக்கு இடமளிக்கும் நெய்தல் நெறியே அங்குப் பொருந்துவது.

உளத்துணையாளர் தண்டிக்கும் அதிகாரம் அற்றவராகவும், மாணவரின் மொழி அறிந்தவராகவும், தொடர்ந்து உடனிருப்பவராகவும் அமைதல் வேண்டும்.

100 மாணவருக்கு மேற்பட்ட நிறுவனங்களில் உளத்துணையாளரை அமர்த்தும் நெறிமுறை இன்று வந்துள்ளது. மாணவர் எண்ணிக்கை குறைந்த தொலைதீவுப் பள்ளிகள் பல இவ்வெல்லைக்கு வெளியே நிற்கக்கூடும். 2004ஆம் ஆண்டின் அலை முதலில் சென்றடைந்தவை அத்தகைய சிற்றூர்களே. எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட நெறி தொடாத அவ்விடங்களில் ஆசிரியர் ஒருவரே குழந்தைகளின் எதிரில் நிற்பார். அவருக்கு வழங்கப்பட வேண்டியது வழிகாட்டும் கையேடு மட்டும் அன்று. ஆற்றும் பயிற்சியும், அவரை ஆற்றும் துணையும் ஆகும்.